புனேயில் பூட்டிக் கிடந்த சாக்ஸபோன்

ஏஞ்சல், ஜோயல், சண்டை போடாமல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் படியுங்கள். “புனே எப்படிப்பா இருந்துச்சு?” என்று கேட்டீர்கள். வந்த களைப்பில், “இருந்துச்சு” என்று சொல்லிவிட்டு வேனைக் கழுவப் போய்விட்டேன். அது ஒரு பதிலே இல்லை. நான் பத்தாவது வரை படித்தவன். கட்டுரைக்கு எந்த வாத்தியாரும் எனக்கு நல்ல மார்க் போட்டதில்லை. ஆனாலும் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன் பாளையங்கோட்டையை விட்டு இவ்வளவு தூரம் போவது தினமும் நடக்கிற காரியம் இல்லையே. பார்த்ததைப் பார்த்தபடி எழுதுகிறேன். உங்கள் பெரிய மாமாவைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாக வரும். போனில் அவருக்குப் படித்துக் காட்டாதீர்கள்.

போன காரியம் உங்களுக்குத் தெரியும். ஏஞ்சல் கோயில் பாட்டுக் குழுவில் இரவல் கிளாரினெட் ஊதிக்கொண்டிருந்தாள். கொடுத்தவர்கள் திரும்பக் கேட்டுவிட்டார்கள். சொந்த வாத்தியம் இருந்தால் கிறிஸ்துமஸ் பவனியில் ஊதலாம், இல்லாவிட்டால் பின்வரிசையில் நின்று ஜால்ரா தட்டலாம் என்று பாட்டு மாஸ்டர் சொல்லிவிட்டார். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. புனே மாமாவிடம் ஒரு சாக்ஸபோன் இருக்கிறது என்று அம்மாவுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. போனில் கேட்டதும் மாமா ஒரு வேகத்தில், “அதுக்கென்ன, மாப்பிள்ளைய வந்து எடுத்துட்டுப் போகச் சொல்லு” என்று சொல்லிவிட்டார்.

என்னை வழியனுப்பும்போது அம்மா சொன்னது இவ்வளவுதான்: “அண்ணன் என்ன சொன்னாலும் தலைய ஆட்டுங்க. வாயத் தொறக்காதீய. வாத்தியத்தோட வாங்க.”

புனேயில் இறங்கியது வெள்ளிக்கிழமை காலை. ஸ்டேஷன் வாசலில் ரிக்‌ஷாக்காரர்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். நம் ஊரில் ஆட்டோ என்பதை அங்கே ரிக்‌ஷா என்கிறார்கள். எங்கே போக வேண்டும் என்று கேட்பார்கள். மாமா வீடு இருக்கிற கேம்ப் பகுதி என்று சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். வரமாட்டேன் என்றால் எதற்குக் கேட்க வேண்டும்? வெறும் ஆசைக்குக் கேட்பார்கள் போலிருக்கிறது.

கோபத்தில் பஸ்ஸில் ஏறினேன். அங்கே பஸ் நம்பரை மராத்தி எழுத்தில் எழுதியிருக்கிறார்கள். அவர்களுடைய ஒன்று நம்முடைய ஒன்பது மாதிரி இருக்கும். வாழ்நாள் முழுக்க வண்டி ஓட்டுகிற நான் வண்டி மாறி ஏறி, எதிர்த்திசையில் பிம்ப்ரி வரைக்கும் போய்விட்டேன். வழியெல்லாம் தொழிற்சாலை வாசல்கள், சட்டையில் அட்டை குத்திய ஆட்கள். பக்கத்தில் ஒரு பெண், கண்ணை மட்டும் விட்டு முகம் முழுக்கத் துப்பட்டாவைச் சுற்றியிருந்தாள். கண்டக்டர் மராத்தியில் என்னமோ சொல்ல, அவள் எனக்காக இந்தியில் சொன்னாள். எனக்குத் தெரிந்த இந்தியில் புரிந்தது இதுதான்: “இந்த அண்ணன் கடைசி ஸ்டாப் வரைக்கும் வேடிக்கை பார்க்க வந்திருக்காராம், விடுங்க என்கிறார்.” பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். வேறு என்ன செய்ய?

திரும்பி வந்து கேம்ப் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம். கடைகள் எல்லாம் சாத்தியிருந்தன. யாரும் சாகவில்லை, பந்த் இல்லை, மத்தியானம் தூங்குவார்களாம். கதவுகளில் பலகைகள் தொங்கின. பஸ் ஸ்டாப்புக்கு வந்து என்னைக் கூட்டிப்போன மாமா அவற்றை எனக்குப் பெருமையாக வாசித்துக் காட்டினார். “ஒருமுறை மணி அடித்தால் போதும், நாங்கள் செவிடர்கள் இல்லை.” “இங்கே வண்டியை நிறுத்தினால் டயரில் காற்று இருக்காது.” வாடிக்கையாளரைத் திட்டுவதற்குக் காசு கொடுத்துப் பலகை எழுதுகிற ஊரை நான் அங்கேதான் பார்த்தேன்.

“இதுதான் மாப்ள புனே. அறிவாளிங்க ஊரு,” என்றார் மாமா.

தலையை ஆட்டினேன்.

உங்கள் மாமா ராணுவத்துக் கணக்கு ஆபீஸில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். கல்யாணத்துக்கு முன்பே அங்கே போனவர். ஸ்டெல்லா அத்தை பிறந்ததே அந்தக் கேம்பில்தான். இரண்டு பேரும் பேசுகிற தமிழில் பாதிக்கு மேல் ‘அரே’யும் ‘அச்சா’வும். அத்தை என்னைக் கேட்டார்: “தம்பி, பாவ் சாப்பிடுதீயளா, நேத்தைய சப்ஜி இருக்கு, கரம் பண்ணட்டா?” நேற்றைய காய்கறிக் கூட்டைச் சூடு பண்ணி, பன்னோடு தரட்டுமா என்று அர்த்தம். சாம்பார் என்று ஒன்று வந்தது. அதில் வெல்லம். மீன் குழம்பில் புளிக்குப் பதிலாக ஏதோ கறுத்த பழத்தோல். அந்தத் தோலைப் போட்ட குழம்பு நன்றாகத்தான் இருந்தது, ஆனால் இரண்டாம் தடவை நானாகக் கேட்கவில்லை.

வீட்டில் முன்னறைச் சுவர் முழுக்க இசைத்தட்டுகள். தோசைக்கல் அளவுள்ள கறுப்புத் தட்டுகள். அலமாரி உச்சியில் பூப்போட்ட துணி விரித்து, அதன்மேல் பிளாஸ்டிக் ரோஜா ஜாடி. துணிக்கு அடியில் நீளமாக ஒரு பெட்டி. பித்தளைப் பூட்டு மட்டும் கொஞ்சம் வெளியே தெரிந்தது. அதுதான் நம்முடையது என்று பார்த்தவுடனே தெரிந்துகொண்டேன்.

காபி குடித்து முடித்ததும், “அப்ப மச்சான், பெட்டிய...” என்று மெதுவாக ஆரம்பித்தேன்.

“சொன்னேன்தான் மாப்ள. ஆனா பிள்ள முதல்ல கேக்கணும்.”

“யார்ட்ட கேக்கணும்?”

“யார்ட்டயும் இல்ல. பெரிய ஆளுங்க வாசிச்சத. ஒரு அஞ்சாறு வருஷம் நல்லாக் கேட்டு, காது பழுத்தப்புறம் வாத்தியத்தத் தொடட்டும். சும்மா எடுத்து பாம் பாம்னு ஊதுறதுக்கு அது லாரி ஹாரன் இல்ல.”

அஞ்சாறு வருஷத்தில் ஏஞ்சல் காலேஜே முடித்துவிடுவாள். ஆனாலும் தலையை ஆட்டினேன்.

பிறகு எனக்குப் பாடம் தொடங்கியது. ஜாஸ் என்கிற அமெரிக்கச் சங்கீதத்தில் சாக்ஸபோன் வாசித்த பெரிய ஆட்கள் நான்கு பேருடைய தட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டார். பெயர்களை நான் எழுதவில்லை. தப்பாக எழுதி, நீங்கள் அதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லி, மானம் போக வேண்டாம். நான் வைத்த பெயர்களைத் தருகிறேன்.

முதல் ஆள் பஞ்சர்காரர். அவர் ஊதினால் சத்தத்தைவிடக் காற்று அதிகம். ஒவ்வொரு வரியின் முடிவிலும் புஸ்ஸென்று டியூபில் காற்று இறங்குகிறது. “அந்த மூச்சுதான் மாப்ள அழகு. காதுகிட்ட வந்து ரகசியம் சொல்லுதான் பாருங்க,” என்றார் மாமா. ரகசியமாகச் சொல்ல வேண்டியதை ஊருக்கே தட்டுப் போட்டு விற்பானேன்?

இரண்டாவது ஆள் தாமதக்காரர். தாளம் முன்னே போகும், இவர் பின்னே வருவார். ஜோயல், காலையில் நீ கிளம்புகிற மாதிரியே. வேன் வாசலில் நிற்கிறது, ஹாரன் அடித்தாயிற்று, நீ நிதானமாக ஷூ மாட்டுகிறாய். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அந்த ஆளும் உன்னைப் போலவே ஒரு நாளும் வேனை விட்டதில்லை.

மூன்றாவது கடுகுக்காரர். கொதிக்கிற எண்ணெயில் ஒரு கை கடுகை அள்ளிப் போட்டால் எப்படி வெடிக்கும், அந்த வேகம். எந்தக் கடுகைக் கேட்பது என்று தெரியாமல் நான் விழித்தேன். “ஒவ்வொண்ணும் எண்ணி வச்சது!” என்று மாமா முட்டியில் அடித்தார். எண்ணியவரை நான் பார்க்கவில்லை.

நான்காவது மலைக்காரர். லோடு ஏற்றிய லாரி முதல் கியரில் மலை ஏறுவது போல, ஒரே இடத்தில் நின்று உறுமிக்கொண்டே இருக்கிறார். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. தட்டின் ஒரு பக்கம் முடிந்துவிட்டது, அவர் ஊருக்குப் போய்ச் சேரவில்லை. மாமா தட்டைத் திருப்பிப் போட்டார். மறுபக்கமும் அதே மலைதான்.

“என்ன கேட்டுச்சு மாப்ள?”

“நல்லாக் கேட்டுச்சு மச்சான்.”

அவர் பெருமூச்சு விட்டார். நான் பரீட்சையில் தோற்றுவிட்டேன் என்று தெரிந்தது.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு வெங்காயம் உரிக்க உட்கார்ந்தபோது அத்தையிடம் கேட்டேன். “ஏன் அக்கா, மச்சான் அத வாசிக்கவே மாட்டாகளா?”

அத்தை சமையலறைக் கதவைப் பாதி சாத்தினார். “ஒரு காலத்துல இந்தக் கேம்புல எந்தக் கல்யாணத்துலயும் இவருதான் தம்பி. நான் மயங்குனதே அதுலதான். அப்புறம் இந்தத் தட்டுகள வாங்க ஆரம்பிச்சாரு. கேக்கக் கேக்க, நாம வாசிக்கறதெல்லாம் கச்ரான்னு சொல்லி ஒரு நாள் பூட்டி வச்சாரு. அம்புட்டுதான். சனிக்கெழம சனிக்கெழம இங்க கேக்க வாராங்கள்லா, அவங்களுக்கே இவரு வாசிச்சவருன்னு தெரியாது. அந்தப் பெட்டிய அவங்க ஏதோ பழைய சூட்கேஸ்னு நெனச்சிட்டு இருக்காங்க.”

கச்ரா என்றால் குப்பை. நன்றாக வாசிப்பவர்களைக் கேட்டு இவர் தன் வாத்தியத்தைப் பூட்டிவிட்டார். இப்போது ஏஞ்சல் ஊதத் தொடங்கும் முன்பே அவளுக்கும் அதே பூட்டைப் போடப் பார்க்கிறார். எனக்கு வந்த எரிச்சலில் வெங்காயம் கண்ணில் எரிந்தது தெரியவில்லை.

சனிக்கிழமை காலையில் வாயில் நுழையாத ஒரு பெயர் சொல்லி, அவலைத் தாளித்து மஞ்சளாகக் கொடுத்தார்கள். உப்புமா என்று சொல்லியிருந்தால் சந்தோஷமாகச் சாப்பிட்டிருப்பேன். பிறகு மாமாவின் ஸ்கூட்டரில் கடக்வாஸ்லா அணைக்கட்டுப் பக்கம் போனோம். அங்கே குடியிருக்கிற ஒரு ரிட்டையர்டு கர்னலிடமிருந்து அன்றைய கூட்டத்துக்கு ஒரு தட்டு வாங்கி வர வேண்டும். அவரே சாயங்காலம் வருகிறவர்தான், ஆனால் அதுவரை காத்திருக்க மாமாவுக்குப் பொறுமை இல்லை. புனேக்காரர்கள் வண்டி ஓட்டுவதைப் பற்றி எழுதினால் இந்தத் தாள் போதாது. ஹெல்மெட்டைத் தலையில் போடாமல் முழங்கையில் மாட்டிக்கொண்டு போகிறார்கள். விழுந்தால் முழங்கைக்கு ஒன்றும் ஆகாது.

அணைக்கட்டுக் கரையில் சுட்ட சோளமும் வெங்காய பஜ்ஜியும் தின்றோம். பஜ்ஜியைக் குறை சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. திரும்பும்போது ஸ்கூட்டர் நின்றுவிட்டது. பெட்ரோல் போட மறந்திருந்தார் மாமா. காது பழுத்த மனிதருக்கு டேங்க் காலியான சத்தம் கேட்கவில்லை. கடைசியில் அந்தக் கர்னலே காரை எடுத்துக்கொண்டு வந்தார். ஸ்கூட்டரை ஒரு டீக்கடையில் விட்டுவிட்டுக் காரில் ஏறினோம். தட்டை என் மடியில் வைத்தார்கள். “சாய்க்காதீங்க மாப்ள”, “வெயில் படாமப் பிடிங்க மாப்ள” என்று வழியெல்லாம் மாமா. ஏஞ்சல், உன்னை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த அன்றைக்குக்கூட என்னை யாரும் இப்படி மிரட்டவில்லை.

சாயங்காலம் கூட்டம். கூட்டம் என்றால் பெரிதாக நினைக்காதீர்கள். மாமா, கர்னல், அப்புறம் பிரவீண் என்று ஒரு கோயமுத்தூர்த் தம்பி. ஐ.டி. கம்பெனியில் வேலை. நல்ல பையன், ஆனால் பாட்டு தொடங்கியதும் கண்ணை மூடிக்கொண்டு பல்வலிக்காரன் மாதிரி முகத்தை வைத்துக்கொள்கிறான்.

“தம்பிக்குப் பல்லுல எதுவும் தொந்தரவா?” என்று அத்தையிடம் கேட்டேன்.

“ரசிக்குது தம்பி,” என்றார் அத்தை.

மூன்று பேரும் தட்டைப் பற்றிப் பேசியதைக் கேட்டிருக்க வேண்டும். கர்னல் ஆங்கிலத்தில் சொன்னதன் பொருள் இது: இந்த ஆள் வாசிக்காமல் விடுகிற இடங்களைக் கேட்க வேண்டும். பிரவீண், “ஆமாங்க, அந்தச் சைலன்ஸ் இருக்குதுங்களே...” என்று முடிக்காமல் விட்டான். வாசிக்காமல் விடுவதைக் கேட்க அமெரிக்கா வரை போவானேன்? இந்த வீட்டு அலமாரி மேலே ஒரு பெட்டி வருஷக்கணக்காக அதைத்தானே செய்துகொண்டிருக்கிறது? வாய் வரைக்கும் வந்தது. அம்மாவை நினைத்து விழுங்கினேன்.

மாமா ஊசியை வைப்பதற்கு முன், “கடைசியில நீங்களும் ரெண்டு வார்த்த சொல்லணும் மாப்ள, ஊர்லருந்து வந்திருக்கிய,” என்றார். வினையே அதில்தான் இருந்தது.

தட்டு சுழன்றது. தாமதக்காரர்தான். சாவகாசமாக வந்தார், சொல்ல வேண்டியதைச் சொன்னார், நிறுத்தினார். உடனே மூன்று பேரும் கைதட்டினார்கள். எப்போதோ செத்துப்போன மனிதருக்கு, அதுவும் தட்டு சுழல்கிற பெட்டியைப் பார்த்து. பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்தேன். நம் வீட்டு ஜெபக்கூட்டங்களில் கடைசிப் பாட்டு முடிந்ததும் வெளியூரிலிருந்து வந்தவர்தானே எழுந்து முடிவு ஜெபம் பண்ணுவார்? மாமாவும் இரண்டு வார்த்தை சொல்லச் சொல்லியிருக்கிறார். எழுந்து நின்றேன். கைகூப்பிக் கண்ணை மூடினேன். “எங்கள் அன்பின் பரம பிதாவே” என்று ஆரம்பித்துவிட்டேன்.

பாட்டு முடியவில்லை. அந்தச் சங்கீதத்தில் ஒருவர் முறை முடிந்தால் நடுவிலேயே கைதட்டுவார்களாம், பாட்டு பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்குமாம். எனக்கு யார் சொன்னார்கள்? பியானோ ஓடுகிறது, நான் ஜெபம் பண்ணுகிறேன். தப்பு நடந்துவிட்டது என்று இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் ஆரம்பித்த ஜெபத்தை ஆமென் இல்லாமல் எப்படி நிறுத்துவது? அதற்கு யாருக்கும் தைரியம் வராது.

கர்னல் ஐயாவின் சுகத்துக்காக ஜெபித்தேன். பிரவீண் தம்பிக்கு நல்ல பெண் அமைய வேண்டும் என்று ஜெபித்தேன். அந்த நேரத்தில் தாமதக்காரர் மறுபடி வந்துவிட்டார். நான் ஒரு வரி சொல்லி மூச்சு வாங்கினால், அந்த இடைவெளியில் அவர் மெதுவாக ஒரு வார்த்தை வைக்கிறார். நான் பேசும்போது ஒதுங்கிக்கொள்கிறார். மறுபடி நான் நிறுத்தினால் மறுபடி வருகிறார். கண்ணை மூடியிருந்ததால் ஆள் பக்கத்திலேயே நிற்பது போல இருந்தது. அவர் பிந்தி வரவில்லை, அடுத்த ஆள் பேசி முடிக்கட்டும் என்று நிற்கிறார். அந்தத் தைரியத்தில் என் வாய், அம்மா பூட்டி அனுப்பிய வாய், தானாகத் திறந்துகொண்டது.

“ஆண்டவரே, அலமாரி மேலே துணிக்கு அடியில் பூட்டிக் கிடக்கிற வாத்தியத்தை நினைத்தருளும். ஒரு காலத்தில் இந்தக் கேம்பையே சந்தோஷப்படுத்தினதை இப்போது பூ ஜாடி தாங்க வைத்திருக்கிறோமே. என் மகள் அதைத் தப்புத் தப்பாகத்தான் ஊதுவாள். அதைக் கேட்கிற பொறுமையை எங்களுக்குத் தாரும். என் மச்சானுக்கு அந்தப் பூட்டைத் திறக்கிற மனதைத் தாரும். ஆமென்.”

“ஆமென்,” என்றார் கர்னல். தமிழ் ஒரு எழுத்து தெரியாது, ஆமென் தெரிந்திருக்கிறது.

கண்ணைத் திறந்தேன். மாமா பாட்டின் நடுவில் ஊசியைத் தூக்கிவிட்டிருந்தார். அவர் அப்படிச் செய்து யாரும் பார்த்ததில்லையாம். கர்னல் பிரவீணைத் திரும்பிப் பார்த்து, என்ன சொன்னார் என்று கேட்டார். அந்தப் பையன் நேர்மையான பையன். ஒரு வார்த்தை விடாமல் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டான், தனக்குப் பெண் அமைகிற இடம் தவிர.

கர்னல் எழுந்து அலமாரிப் பக்கம் போனார். துணி ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். “இத்தனை வருஷமாக இதன் கீழே உட்கார்ந்துதான் நாம் பேசிக்கொண்டிருந்தோமா? நீ வாசிப்பாயா? இறக்கு, இப்போதே வாசி,” என்றார்.

மாமாவின் முகத்தை நீங்கள் பார்க்க வேண்டாம். பிரம்பைப் பார்த்த பிள்ளை முகம் அது. “அது என்னுடையது இல்லை,” என்று ஆங்கிலத்தில் சொன்னார். “என் தங்கச்சி மகளுடையது. அதை எடுத்துப் போகத்தான் இவர் வந்திருக்கிறார்.”

அப்படித்தான் ஏஞ்சல், சாக்ஸபோன் உன்னுடையது ஆனது. அஞ்சாறு வருஷக் காது பழுப்பது எல்லாம் ஒரு நிமிஷத்தில் போயிற்று. நான்கு பேர் முன்னால் ஊதுவதைவிடத் தூக்கிக் கொடுத்துவிடுவது அவருக்கு லேசாக இருந்தது. எனக்குச் சந்தோஷம்தான், ஆனால் கை நீட்டி வாங்குகிற சந்தோஷமாக இல்லை.

சமையலறையில் அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு பார்த்தால் அதே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கேம்பில் தமிழ் ஆராதனைக்குப் போனோம். பாட்டுப் புத்தகத்தைப் பிள்ளைகள் தலைகீழாகப் பிடித்தாலும் அங்கே வித்தியாசம் தெரியாது, யாருக்கும் தமிழ் வாசிக்க வரவில்லை. மனப்பாடமாகப் பாடுகிறார்கள். மாமா காலையிலிருந்து என்னோடு பேசவில்லை. போகும்போதும் வரும்போதும் அத்தையை நடுவில் விட்டு நடந்தார்.

சாப்பிட்டு முடித்து ஊரே தூங்குகிற அந்த மத்தியான நேரத்தில் நாற்காலி போட்டு ஏறி, பூ ஜாடியை என் கையில் கொடுத்தார். துணியை என் தோளில் போட்டார். பெட்டியை இறக்கினார். சாவி பூட்டில் திரும்பவில்லை. தேங்காய் எண்ணெய் விட்டு, ஆட்டி, மறுபடி விட்டு, கடைசியில் கிளிக்கென்றது. உள்ளே சிவப்பு வெல்வெட். பித்தளை அங்கங்கே கறுத்திருந்தது. துளைகளை மூடுகிற மூடிகளின் அடியில் இருக்கிற தோல் மெத்தைகள் காய்ந்து சுருங்கியிருந்தன. சத்தத்தை உண்டாக்குகிற மெல்லிய நாணல் சீவலை எடுத்து நாக்கில் வைத்து, ஐஸ்குச்சி சப்புகிறவர் மாதிரி நனைத்துக்கொண்டே இருந்தார். நனைத்தால்தான் பேசுமாம்.

“மாப்ள, ஜன்னலச் சாத்துங்க.”

சாத்தினேன். ஊதினார்.

ஏஞ்சல், நீ பயப்படாதே. நீ எப்படி ஊதினாலும் அதைவிட நன்றாகத்தான் இருக்கும். கீழ்வீட்டிலிருந்து மராத்தியில் ஒரு கத்தல் வந்தது. அத்தை மொழிபெயர்த்தார்: “யார் வீட்டு எருமைக்குப் பிரசவம்னு கேக்காரு.”

மாமா நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். அவர் சிரித்தார். வந்ததிலிருந்து அவர் பல் தெரிந்தது அப்போதுதான். “ஜன்னலத் தொறங்க மாப்ள. சாத்துனாலும் கேக்கத்தான் செய்யுது.”

பிறகு ஒரு கீர்த்தனையைப் பிடித்தார், நம் கோயிலில் பாடுவதுதான். பாதிச் சத்தம் வெறும் காற்றாகப் போயிற்று.

“மச்சான், பஞ்சர்காரர் மாதிரியே இருக்கு.”

“எவன் மாப்ள பஞ்சர்காரன்?” என்று கேட்டார். சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். “அவன் வேணும்னு விட்டான். இது நெஜப் பஞ்சர்.”

முதல் அடி முடிந்து இரண்டாவது அடிக்கு முன் மூச்சு வாங்க நிறுத்தினார். முகமெல்லாம் வியர்வை. உதட்டோரத்தில் லேசாக ரத்தம். பாட்டு முடியவில்லை என்று எனக்குத் தெரியும். கைதட்டினேன். அத்தையும் தட்டினார். மாமா வாத்தியத்தை வாயிலிருந்து எடுக்காமலே என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இரண்டாவது அடியை ஊதினார். அது முதல் அடியைவிட மோசமாக இருந்தது.

திங்கட்கிழமை ஸ்டேஷனில் பெட்டியை என் கையில் கொடுக்கும்போது சாவியையும் கொடுத்தார். “பிள்ளய ஊதச் சொல்லுங்க. கேக்கவும் சொல்லுங்க, ஊதிக்கிட்டே கேக்கச் சொல்லுங்க. மத்தபடி எப்பவும் பூட்டியே வைங்க மாப்ள. கண்ட கையும் படக்கூடாது.”

தலையை ஆட்டினேன்.

ரயிலில் எதிர் சீட்டுக்காரர், இது துப்பாக்கியா என்று கேட்டார். இன்னொருவர், தையல் மிஷினா என்றார். பெட்டியை மேலே வைக்க மனமில்லாமல் மடியிலேயே வைத்துக்கொண்டேன். சாய்க்காமல், வெயில் படாமல். மாமாவைப் பார்த்துச் சிரித்ததற்குத் தண்டனை போலிருக்கிறது.

நான் வீட்டுக்கு வந்தபோது நீங்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் இருந்தீர்கள். அம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். பெட்டியை வேனுக்குள் கொண்டுபோய்ப் பின்சீட்டில் வைத்தேன். டூல்ஸ் பையிலிருந்து ஸ்குரூடிரைவரை எடுத்தேன். துருப்பிடித்த திருகுகள், லேசில் வரவில்லை. ஒன்றைக் கழற்றும்போது கை வழுக்கிக் கட்டைவிரல் கிழிந்தது. பூட்டு தனியாகக் கையில் வந்ததும் சாவியை அதிலேயே சொருகி, இரண்டையும் சேர்த்துச் சாக்கடையில் போட்டேன். பெட்டி மூடியைத் திறந்து பார்த்தேன், மூடிப் பார்த்தேன். பிறகு திறந்தபடியே விட்டுவிட்டு, உங்களை அழைத்துவர வண்டியை எடுத்தேன்.